பல்கலைக்கழகம் போன பிள்ளையும் வீட்டில் இருக்கும் நாமும்

இடம் கிடைத்துவிட்டது. மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை ஆயிற்று. வேன் பிடித்துக் குடும்பமே போய், பெட்டியையும் வாளியையும் தலையணையையும் விடுதி அறையில் இறக்கி வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியும் ஆயிற்று. இனி பட்டமளிப்பு விழாவுக்குப் புதுச் சேலை எடுக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைக்கும் தாய்மார்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள் அம்மா. முதல் ஆண்டு இருக்கிறது.

தோட்டத்து வேலையை நீங்கள் அறிவீர்கள். பிரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். மண்டோர் நிரை காட்டுவார். மாலையில் கணக்கு நிற்கும். பள்ளிக்கூடத்திலும் மணி அடித்தது, ஆசிரியர் அதட்டினார். பல்கலைக்கழகத்தில் வருகைப் பதிவு எடுப்பார்கள், ஆனால் வராதவனைத் தேடிக்கொண்டு யாரும் விடுதிக்கு வரமாட்டார்கள். "இன்றைக்கு இரண்டு மணி நேரம்தான் பாடம்" என்று பிள்ளை போனில் சொன்னதும், "அப்போ மீதி நேரம் சும்மாவா இருக்கே?" என்று கேட்டுவிடுகிறோம். கணக்கைப் பாருங்கள். நம் நாட்டு உயர்கல்வி முறையில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி. ஒரு பருவத்துக்குப் பெரும்பாலும் 14 வாரப் பாடம். வாரம் மூன்று மணி விரிவுரை கேட்டாலும் 42 மணிதான் ஆகிறது. மீதி 78 மணியும் பிள்ளை தானே உட்கார்ந்து படிக்க வேண்டியது. இப்படி ஐந்தாறு பாடங்கள்! பாட அட்டவணையில் காலியாகத் தெரிகிற நேரம்தான் உண்மையான வேலை நேரம். இது புரியாமல் முதல் இரண்டு மாதத்தைத் தூங்கியும் ஊர் சுற்றியும் கழிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடுத்தது மொழி. 1980களின் தொடக்கத்தில் அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் பாட மொழி மலாய் ஆனது. இன்று பல பாடங்களை ஆங்கிலத்திலும் நடத்துகிறார்கள். புத்தகங்களோ பெரும்பாலும் ஆங்கிலம். ஒரு பக்கத்தைப் படிக்க அரை மணி ஆகிறது. பட்டணத்துப் பிள்ளை எழுந்து சரளமாகக் கேள்வி கேட்க, நம் பிள்ளை பின்வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறது. குழுவாகச் செய்யும் வேலையிலும் வாய் திறப்பதில்லை. இது அறிவுக் குறைவு அன்று. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் சில மாதங்களை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கும் மலாய் புரியாமல் அழுதுகொண்டு வந்த பிள்ளைதானே? அப்போது சமாளித்தது. அதை நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும், பிள்ளை மறந்திருக்கும்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 1997இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். கடன்தான் நம்மில் பலருக்குக் கைகொடுக்கிறது. பத்திரங்கள் ஒப்பமாகி முதல் தொகை கைக்கு வர நாளாகும். அதுவரை சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் வீட்டிலிருந்து ஏதாவது கொடுத்தனுப்புங்கள். பணம் வந்த பிறகு அண்ணனின் மோட்டார் சைக்கிள் தவணைக்கு அதிலிருந்து கேட்கிற வீடுகளும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது கடன், அந்தப் பிள்ளை சம்பாதித்துத் திருப்பிக் கட்ட வேண்டிய பணம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பருவ முடிவு 4.00க்குக் கணக்கிடப்படும். 2.00க்குக் கீழே போனால் பல்கலைக்கழகம் எச்சரிக்கும். கடன் தொகையும் நிறுத்தப்படலாம். தொடர்ந்து அப்படியே போனால் வெளியே அனுப்பிவிடுவார்கள். முதல் பருவத்தில் சறுக்கிய பிள்ளை இதை வீட்டில் சொல்வதில்லை. "அம்மா வெயிலில் உதிரிப் பழம் பொறுக்கி அனுப்பின காசாச்சே" என்று மருகும். விடுமுறைக்கு வராது, வேலை இருக்கிறது என்று சொல்லும். கடன் நின்ற குறையை ஈடுகட்ட இரவில் கடை வேலைக்குப் போகும். படிப்பு இன்னும் கெடும். தோல்வியைவிட இந்த மறைப்புத்தான் பிள்ளைகளைப் பாதியில் வீட்டுக்கு அனுப்புகிறது என்பது என் எண்ணம்.

சறுக்கியது சரிக்கட்டக் கூடியதுதான். முதல் பருவம் 1.90 எடுத்த பிள்ளை, அதே அளவு கிரெடிட்டோடு அடுத்த பருவம் 2.90 எடுத்தால் மொத்தச் சராசரி 2.40 ஆகிவிடும். ஒவ்வொரு மாணவருக்கும் கல்வி ஆலோசகராக ஒரு விரிவுரையாளரை நியமித்திருப்பார்கள். அவர் அறைக் கதவைத் தட்ட நம் பிள்ளைகளுக்குக் கூச்சம். துரையைப் பார்க்கக் கைகட்டி நின்ற பழக்கம் நம் இரத்தத்திலேயே இருக்கிறதோ என்னவோ! போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சுமை தாங்காத பாடத்தைக் குறிப்பிட்ட தேதிக்குள் விலக்கிக்கொள்ளவும் வழி உண்டு. தேதி தாண்டினால் முடியாது. பாரம் மனத்தில் இருந்தால் ஆலோசனைப் பிரிவு இருக்கிறது; அங்கே போவது பைத்தியக்காரத்தனம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

போனில் "நல்லா படிக்கிறியா?" என்று கேட்டால் "படிக்கிறேம்மா" என்ற ஒரே பதில்தான் வரும். "இந்த வாரம் எந்தப் பாடம் புரியலே? ஆலோசகரைப் பார்த்தியா? கையிலே எவ்வளவு இருக்கு?" என்று கேளுங்கள். முதல் விடுமுறைக்கு வந்த அன்றே சித்தப்பா பெரியப்பாவை எல்லாம் அழைத்து வைத்துக்கொண்டு ரிசல்ட் கேட்க வேண்டாம். சோறு போடுங்கள், தூங்கட்டும். மறுநாள் காலையில், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் பேசிக்கொள்ளலாம்.