உழவர் சொல்லும் கணினித் திரையும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஆலைப் பொறிகளைக் கணினி இயக்குகின்றது. அங்கிருந்து சில கல் தொலைவு சென்றால் நெல்வயல். அவ்வயலுக்கும் கணினி வந்துவிட்டது. ஆயினும் ஆலையில் எளிதாக அமர்ந்த அது, வரப்பில் கால் வைக்கத் தடுமாறுகின்றது. தமிழ் பயிற்றும் நமக்கு இதில் என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். தடுமாற்றத்தின் பெரும்பகுதி சொல்லில் உள்ளது என்பதே நம் விடை.

‘குழி’ என்னும் நில அளவையை எடுத்துக்கொள்வோம். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதியான நம் திருவள்ளூர் வட்டாரத்தில் ஒரு குழி என்பது 24 அடிக்கு 24 அடி. அதாவது 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். தஞ்சையிலோ குழி 144 சதுர அடி. நூறு குழி சேர்ந்தால் ஒரு மா. அது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. சொல் ஒன்றே, அளவோ நான்கு மடங்கு வேறு. பட்டாவோ ஹெக்டேர், ஏர் எனப் பேசுகின்றது. எவ்வூர்க் குழி எனக் கேளாத மென்பொருள், உரத்தை நான்கு மடங்காகவும் சொல்லிவிடும், காலாகவும் குறைத்துவிடும்.

பருவப் பெயரும் அவ்வாறே. நமக்கு நவரை, சொர்ணவாரி, சம்பா. காவிரிக் கரைக்குக் குறுவை, சம்பா, தாளடி. சித்திரையில் விதைக்கும் சொர்ணவாரியைக் குறுவைக் கணக்கில் ஏற்றினால் இரு திங்கள் பிசகும். பூச்சி எச்சரிக்கை கதிர் முற்றிய பின் வந்து சேரும். மூட்டையும் ஒன்றன்று. அரசுக் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ. தனியார் மண்டியில் 75 கிலோ மூட்டையும் வழக்கில் உண்டு. விலை கூறும் மென்பொருள் எம்மூட்டையைச் சொல்கின்றது?

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வில்லியனூரை மையமாகக் கொண்டு புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலை உயரத்தைப் பெற்று, வீராம்பட்டினத்து மீனவர்க்கு ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தனர். எழுத்தறியாதாரும் கேட்டனர். கணினி எட்டாத கடைசி முழத்தை ஒலிபெருக்கி எட்டியது!

இன்று ஒலிபெருக்கியின் இடத்தில் கைப்பேசி. தமிழக அரசின் ‘உழவன்’ செயலி 2018இல் வந்தது. வானிலை, சந்தை விலை, மானியம் யாவும் தமிழிலேயே கிடைக்கின்றன. பாராட்டத்தக்க முயற்சி. ஆயினும் பொன்னேரிப் பக்கத்து முதியவர் ஒருவரை வினவியபோது, “போன் பையன்கிட்ட இருக்குது சார், அவன் கம்பெனியில நைட் ஷிப்டு” என்றார். பதிவுக்குரிய ஓ.டி.பி. எண் மகனுக்குப் போகும். அவர் வெளியே வருமுன் அது காலாவதியாகிவிடும்.

இவற்றினும் கடியது, உழவர் யார் என்னும் வினா. பட்டாவில் உள்ள பெயரையே மென்பொருள் உழவராகக் கொள்கின்றது. 2019இல் தொடங்கிய பி.எம். கிசான் உதவியும் நிலவுடைமையாளர்க்கே உரியது. குத்தகை உரிமையைப் பதிவுசெய்யத் தமிழ்நாட்டில் 1969ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. வழக்கில் பெரும்பாலும் வாய்ச்சொல்லே. தொழிற்பேட்டையை ஒட்டி நிலவிலை ஏறியிருக்க, விற்கக் காத்திருப்போர் எழுத்தில் எதுவும் தர அஞ்சுகின்றனர். மென்பொருளாளரைக் குறை கூறிப் பயனில்லை. இல்லாத ஆவணத்தை அவர் எங்ஙனம் படைப்பார்?

அம்முதியவரும் குத்தகைக்காரரே. ஒரு பதிவுப் படிவத்தை அவருக்குப் படித்துக் காட்டினோம். உரிமையாளர் பெயர், புல எண், உட்பிரிவு எனக் கட்டங்கள் தொடர்ந்தன. முடிவுவரை பொறுமையாகக் கேட்டவர், “இதுல நான் எங்க சார் வர்றேன்?” என்றார்.