கவர்னர் மறைக்கும் நோய்

புல் வெட்டும் குட்டி டிராக்டர் நம் ஊரில் அபூர்வம். அமெரிக்கப் புறநகர் வீடுகளில் அது ஸ்கூட்டர் மாதிரி, ஷெட்டில் ஓரமாக நிற்கும். 1960-களில் வந்த கப் கேடட் போன்ற வண்டிகளை இன்னும் விடாமல் ஓட்டுகிறவர்களும் அங்கே உண்டு. அந்த வண்டிகள் பலவற்றின் மூக்குக்குள் இருப்பது விஸ்கான்சின் மாநிலத்துக் கோலர் கம்பெனியின் கே வரிசை இன்ஜின். ஓட்டல் குளியலறைக் குழாயிலும் வாஷ்பேசினிலும் பெயர் பார்க்கிறோமே, அதே கோலர்தான்.

கே-301 என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். ஒற்றை சிலிண்டர், 476 சி.சி., 12 எச்.பி. வார்ப்பிரும்பு உடம்பு. ஐம்பது அறுபது வருடம் உழைத்த பிறகு இதற்கு வரும் நோய் பெரும்பாலும் ஒன்றுதான்: இழுவை போய்விடும். ஷெட்டிலிருந்து கிளப்பும்போது சத்தம் ஒழுங்காக இருக்கும். உயரமான புல்லுக்குள் நுழைந்ததும் முக்கி முனகி நின்றுவிடும். வெறுமனே ஓட்டிப் பார்த்தால் மறுபடி ஒரு குறையும் தெரியாது.

இப்படி ஏமாற்றுவதற்குக் காரணம் கவர்னர். கிராங்க் பெட்டிக்குள் சுழலும் சிறு எடைகள் வேகத்தை அளந்துகொண்டே இருக்கின்றன. வேகம் குறைந்தால், வெளியே உள்ள ஸ்பிரிங் கார்புரேட்டரின் த்ராட்டிலைத் திறக்கும். கூடினால் எடைகள் அதை மூடும். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரில் ஏ.சி. போட்டதும் ஒரு கணம் சத்தம் அமுங்கி மீண்டும் எழுவதைக் கேட்டிருப்பீர்களே, அதுவும் இதே வேலைதான். ஆக, இன்ஜின் பாதி பலத்தை இழந்திருந்தாலும், பாரமில்லாதபோது கவர்னர் த்ராட்டிலைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வேகத்தைச் சரிக்கட்டிவிடும். காது ஏமாந்துபோகும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது கார்புரேட்டரின் பக்கவாட்டில் உள்ள த்ராட்டிலின் சின்ன நெம்புகோலை. புல்லுக்குள் வண்டியை விட்டு, இன்ஜின் முனகும் நேரத்தில் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கடைசி வரை திறந்திருந்தும் வேகம் விழுகிறதென்றால் நோய் இன்ஜினுக்குள். பாதியிலேயே நிற்கிறதென்றால் இன்ஜின் பாவம், அதன் மேல் குற்றமில்லை: ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கம்பி எங்காவது சிக்கியிருக்கலாம். பணம் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமலே கார்புரேட்டரைக் கழற்றிப்போடுகிறவர்கள்தான் அதிகம். கத்தியின் பேரிங் இறுகிப்போயிருந்தாலும், பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும்கூடப் பழி இன்ஜின் மேல்தான் விழும். அதையும் பார்த்துவிடுவது நல்லது.

நெம்புகோல் முழுக்கத் திறந்திருந்தால் அடுத்தது பெட்ரோல். சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். காற்று குறைந்து கலவை கெட்டியாகும்போது இன்ஜினுக்குத் தெம்பு வந்தால், அதற்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஜெட் அடைத்திருக்கும், அல்லது கார்புரேட்டர் கேஸ்கெட் வழியாகக் காற்று திருட்டுத்தனமாக நுழையும். அமெரிக்கப் பெட்ரோலில் பொதுவாகப் பத்து சதவீதம்வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். குளிர்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்த வண்டியின் கார்புரேட்டர் கிண்ணத்தில், அடியில் தண்ணீரும் ஓரத்தில் பிசினும் தங்கிவிடும். இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு மங்குகிறதென்றால் டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். மூடியில் உள்ள காற்றுத்துளை அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடமாகிப் பெட்ரோல் இறங்காது.

பொறி விஷயம் கொஞ்சம் சூட்சுமம். இந்த இன்ஜினில் பாயிண்ட் உண்டு, நம் பழைய மோட்டார் பைக்குகளில் இருந்த அதே சமாச்சாரம். அதன் இடைவெளி அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தேய்ந்து இடைவெளி குறுகினால், பாயிண்ட் திறப்பது தாமதமாகும், பொறியும் தாமதமாகும். பிஸ்டன் வெகுவாகக் கீழே இறங்கிய பிறகும் தீ எரிந்துகொண்டிருந்தால் தள்ளும் வேகம் எங்கிருந்து வரும்? சூடு மட்டும்தான் மிச்சம். பிளக்கில் நீலப்பொறி நன்றாக விழுகிறதே என்று இதில் நிம்மதியடையக் கூடாது. பொறி இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, எப்போது விழுகிறது என்பது வேறு கேள்வி.

உண்மையான கிழட்டு நோய் வால்வில் வருகிறது. இன்றைய இன்ஜின்களில் வால்வுகள் தலைப்பகுதியில் இருக்கும். இதில் அவை சிலிண்டருக்குப் பக்கத்திலேயே, உடம்புக்குள், மேல்நோக்கி நிற்கின்றன. தலை என்பது வெறும் மூடி. வருடக்கணக்கில் வால்வு தன் இருக்கையில் இடித்து இடித்து அதைத் தேய்க்கும்; வால்வு மெல்லக் கீழே அமிழும். அதன் தண்டு, அடியிலிருந்து அதைத் தூக்கும் டேப்பட்டை நெருங்கும். இருக்க வேண்டிய இடைவெளி எக்ஸாஸ்ட் வால்வுக்கு அரை மில்லிமீட்டருக்கும் சற்றே குறைவு. அதுவும் தீர்ந்துபோனால், சூடேறித் தண்டு நீளும்போது வால்வு முழுசாக மூடாது. எரியும் வாயு அந்தச் சந்தில் கசிந்து வால்வின் விளிம்பையே தின்னத் தொடங்கும். குளிர்ந்திருக்கும்போது சமர்த்தாக ஓடி, அரைமணியில் சோர்ந்து, ஆறவைத்தால் மறுபடி ஓடும் வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். கே-301-இல் டேப்பட்டைத் திருகிச் சரிசெய்யலாம். இதே வரிசையின் சிறிய மாடல்களில் அந்த வசதி இல்லை. தண்டின் நுனியைச் சாணை பிடித்துக் குறைக்க வேண்டும்.

கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். இங்கே கேஜ் பொய் சொல்லும். சுலபமாகக் கிளம்புவதற்காக, குறைந்த வேகத்தில் எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே தூக்கிவைக்கும் அமைப்பு ஒன்று இதன் கேம் தண்டில் இருக்கிறது. அதனால் நல்ல இன்ஜினும் குறைவாகவே காட்டும். அதற்குப் பழைய வழி: பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு ஃபிளைவீலைக் கையால் பின்பக்கமாகச் சுழற்றுங்கள். அப்படிச் சுழற்றும்போது அந்த அமைப்பு வேலை செய்யாது. சக்கரம் ஒரு இடத்தில் முட்டி, பந்துபோல் வெடுக்கென்று திரும்பினால் கம்ப்ரெஷன் உண்டு. சோம்பலாக வழுக்கிக்கொண்டு போனால் வால்வோ ரிங்கோ தலைக் கேஸ்கெட்டோ விட்டிருக்கிறது. கேஸ்கெட்டைத் தனியே பிடிக்க, தலை சேரும் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி ஓடவிட்டால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

தகட்டு மூடியைக் கழற்றிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். காற்றில் குளிரும் இன்ஜின் இது. மூடிக்கு அடியில் உள்ள செதில்களுக்கு இடையே காய்ந்த புல்லும் எலிக்கூடும் அடைந்திருந்தால், மேலே சொன்ன வால்வு, கேஸ்கெட் நோய்கள் சீக்கிரமே வந்துசேரும்.

ஒரே ஒரு குறுக்குவழியை மட்டும் எடுக்காதீர்கள். இழுவை போதவில்லை என்று கவர்னர் ஸ்பிரிங்கை இறுக்கி வேகத்தைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இதன் உச்ச வேகம் நிமிடத்துக்கு 3600 சுற்று. கனெக்டிங் ராடு அலுமினியம்; அதற்கு மேல் ஓட்டினால் தாங்காமல் போகலாம். அது உடைந்தால் இன்ஜின் உடம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்; அதன் பிறகு பார்க்க எதுவும் இருக்காது.