குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது!

மயிலாப்பூரில் இருக்கும் என் அக்கா பெண்ணுக்குத் தலைப்பிரசவம். நாற்பது வாரம் இருந்து பிறக்க வேண்டிய குழந்தை, முப்பதாவது வாரத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டது. எடை 1,250 கிராம். ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் இன்குபேட்டரில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தது.

ஆறாவது மாதம், பக்கத்து வீட்டு மாமி குழந்தையை மடியில் வாங்கிக் கொண்டாள். "ஏண்டி, ஆறு மாசம் ஆயிடுத்து, இன்னும் குப்புறக் கவுந்துக்கலையே! மூளை வளர்ச்சியெல்லாம் சரியா இருக்கோன்னோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்று ராத்திரி பூரா அந்தப் பெண் தூங்கவில்லை. காலையில் எனக்குப் போன். "சித்தி, மாமி சொல்றது நிஜமா இருக்குமோ?"

இந்தக் கேள்வி அவளுடையது மட்டும் அல்ல. 2020-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்திருக்கின்றன. அத்தனை தாய்மாரின் மனசிலும் இதே கவலைதான்.

வயதை எப்படிக் கணக்கிடுவது?

குழந்தை டாக்டர் போட்ட கணக்கு இது. நாற்பதில் முப்பது போனால் பத்து வாரம். பிறந்து 26 வாரம் ஆகியிருந்தாலும் பத்தைக் கழித்தால் 16 வாரம்தான். அதாவது நாலு மாதம் கூட நிரம்பவில்லை. நாலு மாதக் குழந்தை குப்புறக் கவிழாவிட்டால் யார் கவலைப்படுவார்கள்?

இதைத் 'திருத்திய வயது' என்பார்கள். தலை நிற்பது, உட்காருவது, பேசுவது எல்லாவற்றையும் இரண்டு வயது வரை இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிக் கணக்கு. இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள்.

நாமே வீட்டில் பார்க்க முடியுமா என்று கேட்கலாம். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் தயாரித்த ஒரு அட்டவணை இருக்கிறது. இரண்டு வயதுக்குள் குழந்தை செய்ய வேண்டிய 17 விஷயங்கள் அதில் உண்டு. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலை நிறுத்தி வைத்து, அதற்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட எதையாவது குழந்தை செய்யாமல் இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். அவ்வளவுதான். டாக்டரிடம் கேட்டால் பார்க்கச் சொல்லித் தருவார்.

மூளைக்கு என்ன ஆகிறது?

"ஏழாம் மாசம் பிறந்தது பிழைக்கும், எட்டாம் மாசம் பிறந்தது பிழைக்காது" என்று பாட்டிமார் சொல்வதுண்டு. அது சரியல்ல. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான். 34 வாரத்தில் மூளையின் எடை, முழு மாதக் குழந்தையின் மூளை எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். மீதி வளர்ச்சியும், மூளையின் மடிப்புகளும் கடைசி வாரங்களில் ஏற்படுகின்றன. முன்னாலேயே பிறந்த குழந்தைக்கு இதெல்லாம் வெளியே, வெளிச்சத்திலும் சத்தத்திலும் ஊசிக்கு நடுவிலும் நடந்தாக வேண்டும்.

உண்மையையும் மறைக்க வேண்டாம். 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளின் அறிவுத்திறன் அளவு, நிறைமாதக் குழந்தைகளைவிட சராசரியாக 10 முதல் 13 புள்ளிகள் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பயந்துவிடாதீர்கள். இது சராசரிக் கணக்கு. இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் எல்லாக் குழந்தைகளையும் போலப் பள்ளிக்கூடம் போகிறார்கள், படிக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. குழந்தை நடக்க ஆரம்பித்ததும், "எல்லாம் சரியாயிடுத்து" என்று நாம் டாக்டரிடம் போவதை நிறுத்திவிடுகிறோம். அங்கேதான் தவறு. கவனம் நிலைக்காமல் போவது, சொன்னதை மனசில் வைத்துக் கொள்ளத் திணறுவது, கணக்கில் தடுமாறுவது போன்றவை பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியும். அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து அடிக்கிறோம்!

உதவி பக்கத்திலேயே இருக்கிறது

சந்தேகம் வந்தால், "வளர வளரச் சரியாகும்" என்று காத்திருக்காதீர்கள். முதல் சில வருஷங்களில் மூளை நன்றாக வளைந்து கொடுக்கும். தியாகராய நகரில் மதுரம் நாராயணன் மையம் 1989 முதல் நடந்து வருகிறது. மன வளர்ச்சி பின்தங்கிய பச்சைக் குழந்தைகளுக்கு 'உபநயன்' என்ற பயிற்சி முறை அங்கே உண்டு. தாயும் கூட உட்கார்ந்து கற்றுக் கொள்கிறாள். கோட்டூர்புரத்தில் வித்யாசாகர், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காக 1985-இல் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரிகளிலும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையங்கள் உள்ளன.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை

* டாக்டர் சம்மதித்ததும் குழந்தையை வெறும் மார்போடு அணைத்து வைத்துக் கொள்ளுங்கள். இந்த 'கங்காரு' முறை 1978-இல் கொலம்பியா நாட்டில் பிறந்தது. அப்படி வளர்ந்தவர்களை 20 வருஷம் கழித்துப் பார்த்தபோது, துறுதுறுப்பும் முரட்டுத்தனமும் குறைவாக இருந்தன. நாளைக்கு 8 மணி நேரமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பாவும் பாட்டியும் முறை வைத்துக் கொள்ளலாம்.

* தாய்ப்பால்தான் முதல் மருந்து. இரும்புச் சத்து சொட்டு மருந்தை டாக்டர் சொன்ன அளவில் விடாமல் கொடுங்கள்.

* 2 கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு, ஒரு மாதம் முடிவதற்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். காதையும் சோதித்து விடுங்கள். கண்ணும் காதும் சரியில்லாவிட்டால் அறிவு எப்படி வளரும்?

* குளிப்பாட்டும்போதும், கறிகாய் நறுக்கும்போதும் குழந்தையோடு பேசிக் கொண்டே இருங்கள். செல்போனைக் கையில் கொடுக்காதீர்கள்.

* திருத்திய வயதில் இரண்டு மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, நாலு மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை, எப்போதும் ஒரு கையையே உபயோகிக்கிறது என்றால் உடனே காட்டுங்கள்.

என் அக்கா பேத்திக்கு இப்போது ஏழு வயது. கதைப் புத்தகத்தை மளமளவென்று படிக்கிறாள். கழித்தல் கணக்கு மட்டும் வரவில்லை. அவள் அம்மா அதட்டவில்லை. டீச்சரிடம் பிறந்த விவரத்தைச் சொல்லி, முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொன்னாள். சாயங்காலம் புளியங்கொட்டையை எண்ணி எண்ணிச் சொல்லித் தருகிறாள்.

போன வாரம் அதே மாமி வந்து, "உம் பொண்ணு எத்தனை சமத்தா இருக்கா!" என்றாளாம். "அவ அவசரமா வந்தா மாமி. நான் அவசரப்படலை" என்றாள் இவள்.