உடுப்பும் கணக்கும் – 14: நிறத்துக்கு எடை உண்டு

போன வாரம் ஃப்ரீலான்ஸ் டிசைனரை எங்கே தேடுவது, அவருடைய போர்ட்ஃபோலியோவில் எதைப் பார்ப்பது என்று பேசி முடித்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். வேலையை எப்படிச் சொல்வது, எவ்வளவு கொடுப்பது, என்னவென்று எழுதி வாங்குவது ஆகிய மூன்றையும் இந்த வாரம் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். முதல் விஷயமே மொத்தப் பக்கத்தையும் தின்றுவிடும் போலிருக்கிறது. ஆசிரியர் மன்னிக்கவேண்டும்.

சேலத்து வாசகர் ஒருவர் டி-ஷர்ட் பிராண்டு தொடங்குகிறார். தன் டிசைனருக்கு அனுப்பிய பிரீஃபை எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். ஒரு வண்டி பின்ட்ரெஸ்ட் படங்கள். கீழே நாலே சொற்கள்: கிளாஸி, யூத்ஃபுல், மினிமல், நம்ம ஊர் டச். டிசைனரும் குறை வைக்கவில்லை; எட்டு நிறங்களில் அழகழகாக வரைந்து தந்துவிட்டார். அதைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் போய் விலை கேட்ட பிறகுதான் நம்மவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. "டிசைனர் என்னை ஏமாத்திட்டாரா சார்?" என்று கேட்கிறார்.

ஏமாற்றவில்லை. நீங்கள் ஆசைகளை அனுப்பினீர்கள், அவர் அவற்றுக்குப் படம் போட்டுக் கொடுத்தார். ஐநூறு பீஸ் போடத்தான் உங்களிடம் பணம் இருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

டிசைனரிடம் முதலில் சொல்லவேண்டியது, ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயங்களை. யார் போடப்போகிறார்கள், என்ன விலைக்கு விற்கப்போகிறோம், துணி எது, எங்கே தைக்கிறோம், எத்தனை பீஸ். இவை முடிவாகாமல் டிசைனரைக் கூப்பிடுவதில் அர்த்தமில்லை. முடிவாகியும் சொல்லாமல் விடுகிறவர்களை என்ன செய்வது? பட்ஜெட்டைச் சொன்னால் டிசைனர் ஃபீஸை ஏற்றிவிடுவார் என்று பயப்படுகிறார்கள். ஃபீஸில் மிச்சப்படுத்தியதைப் போல இரண்டு மடங்கு சாம்பிளில் போகும்.

விலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. இது டிசைனரின் மேசையிலும் இருக்கவேண்டிய கோடு. 2,400 ரூபாய்க்கு விற்கவேண்டிய குர்த்தியில் அவர் ஆசைப்பட்டுக் கூடுதலாக ஒரு எம்பிராய்டரி வைக்க, விலை 2,600 ஆனால், வரி மொத்தத் தொகைக்கும் ஏறுகிறது. 2,400-க்கு 120 ரூபாய் வரி, 2,600-க்கு 468. அந்த எம்பிராய்டரியின் உண்மையான விலை இதையும் சேர்த்துத்தான். பிரீஃபில் ஒரு வரி போதும்: 'கடை விலை இவ்வளவு, தைத்து முடித்த அடக்கம் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது.'

இனி நிறம். இந்த வாரம் என் தூக்கத்தைக் கெடுத்த சமாச்சாரம் இது.

ஸ்க்ரீனில் நிறத்துக்கு எடை கிடையாது. ஒரு சொடுக்கில் எட்டு நிறம் வரும். திருப்பூரில் நிறம் கிலோவில் வரும். சாயப்பட்டறையில் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் துணியை ஏற்றினால் ஒரு லாட்டுக்கு இவ்வளவு கிலோவாவது இருக்கவேண்டும் என்று கணக்கு உண்டு. பட்டறைக்குப் பட்டறை, மெஷினுக்கு மெஷின் அது மாறும். பேச்சுக்கு 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்ஸியில், கட்டிங் வேஸ்ட் போக, கிலோவுக்கு ஏறக்குறைய நாலு டி-ஷர்ட் விழும். எட்டு நிறம் என்றால் 800 கிலோ, 3,200 டி-ஷர்ட். சேலத்து நண்பர் போட நினைத்ததோ ஐநூறு. கழுத்து ரிப்பையும் அதே லாட்டில் சேர்த்துச் சாயம் போடவேண்டும். இல்லாவிட்டால் கழுத்து ஒரு நிறமாகவும் உடம்பு ஒரு நிறமாகவும் இருக்கும். இன்னொரு வழியும் உண்டு: சாயமிட்ட துணியை ஸ்டாக்கில் வைத்திருப்பவர்களிடம் வேண்டிய கிலோவை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் ரேக்கில் என்ன நிறம் இருக்கிறதோ அதுதான் உங்கள் கலெக்‌ஷன். அப்படியானால் அந்த ஷேட் கார்டைத்தான் டிசைனருக்கு முதலில் கூரியர் செய்யவேண்டும், பின்ட்ரெஸ்டை அல்ல.

சாயம் ஏன் இவ்வளவு சிக்கல் பிடித்ததென்றால், திருப்பூரில் அதற்குப் பின்னால் ஒரு நதியே இருக்கிறது. நொய்யல் மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் பட்டறைகள் மீண்டும் ஓடத் தொடங்கின. சாயத் தண்ணீரைச் சுத்திகரித்து, உப்பைப் பிரித்து, அதே தண்ணீரைத் திரும்ப எடுக்கும் செலவு ஒவ்வொரு கிலோ துணியின் கூலியிலும் உட்கார்ந்திருக்கிறது. அடர் நிறத்துக்கு அதிகக் கூலி என்று பட்டறைக்காரர் சொன்னால் அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

சரி, எட்டை மூன்றாகக் குறைத்தாயிற்று. அந்த மூன்றையும் எப்படிச் சொல்வது? 'மயில் கழுத்து நீலம்' என்றால் பத்துப் பேர் மனதில் பத்து மயில். அதனால்தான் பான்டோன் எண். 1963-இல் லாரன்ஸ் ஹெர்பர்ட் என்பவர் அச்சகங்களுக்காகக் கொண்டுவந்த முறை அது. துணிக்கான பான்டோன் எண் வேறு. ஆறு இலக்கம், நடுவில் ஒரு கோடு, கடைசியில் டிசிஎக்ஸ் என்ற மூன்று எழுத்து. இத்தனை காலம் அந்த ஆறு இலக்கத்தைக் கார் நம்பர் மாதிரி ஏதோ வரிசை எண் என்றே பலரும் கடந்து போயிருப்போம். அதைப் படிக்கலாம்! முதல் இரண்டு இலக்கம் வெளிச்சம்: 11 என்றால் கிட்டத்தட்ட வெள்ளை, 19 என்றால் கருப்பை ஒட்டி. நடு இரண்டும் வண்ணச் சக்கரத்தில் எந்த இடம் என்பது: மஞ்சளில் கிளம்பி, சிவப்பு, ஊதா, நீலம் என்று பச்சை வரை 64-க்குள் ஒரு சுற்று. கடைசி இரண்டும் நிறத்தின் செறிவு: சைபரை நெருங்க நெருங்கச் சாம்பல்.

2020-க்குப் பான்டோன் நிறுவனம் அறிவித்த 'ஆண்டின் நிறம்' 19-4052. படித்துப் பாருங்கள். 19, நல்ல அடர்த்தி. 40, நீலப் பக்கம். 52, செறிவு தூக்கல். ஆழமான நீலம்தான். அடுத்த ஆண்டு இரண்டு நிறம் அறிவித்தார்கள்: 13-0647, 17-5104. முதலாவது வெளிச்சமான, அழுத்தமான மஞ்சள். இரண்டாவதில் 51 என்று பார்த்துப் பச்சைப் பக்கம் என்று அவசரப்படாதீர்கள்; கடைசியில் வெறும் 04. சாம்பல். இது தெரிந்த நாளிலிருந்து எந்த எண்ணைப் பார்த்தாலும் கண்ணை மூடி நிறத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். வீட்டில் யாரும் ரசிக்கவில்லை.

இதில் விளையாட்டு மட்டும் இல்லை, வியாபாரமும் இருக்கிறது. சாயத்தில் நிறம் கொஞ்சம் விலகி வந்தால், 'நல்லா இல்லை' என்று சொல்லாமல் 'வெளிச்சம் சரி, செறிவு குறைகிறது' என்று டிசைனர் எழுதினால் பட்டறைக்காரருக்கு அடுத்த லேப் டிப், அதாவது சோதனைக்குச் சாயமிட்ட துணித் துண்டு, போட வழி கிடைக்கும். கிராஃபிக் டிசைன் பக்கமிருந்து வந்தவர்கள் பழக்க தோஷத்தில் '186 சி' என்பது போன்ற எண்ணைக் கொடுப்பார்கள். அது பளபளப்புக் காகிதத்தில் அச்சு மைக்கானது. சாயப்பட்டறையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிரீஃபிலேயே எழுதிவிடுங்கள்: நிறங்கள் டிசிஎக்ஸ் எண்ணில் மட்டும்.

இதற்கு மேல் விளக்கு ஒன்று இருக்கிறது. லேப் டிப் துண்டுகளை எங்கே வைத்துப் பார்த்து ஓகே சொல்கிறீர்கள்? ஏற்றுமதிக் கம்பெனிகளில் லைட் பாக்ஸ் என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கும். அதில் பட்டன் தட்டினால் டி65 எரியும்; அது பகல் வெளிச்சத்துக்கு ஈடு. அடுத்த பட்டன் டிஎல்84. ஐரோப்பியக் கடைகளில் நெடுநாள் எரிந்த குழல் விளக்கு அது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் தன் கடைகளுக்கு அதைப் பிடித்துக்கொண்டதால், லண்டன் கடையில் எரிந்த விளக்கு திருப்பூரில் சாயம் கலக்கிறவரின் தலைக்கு மேலும் எரிந்தது. பகலில் அச்சாக ஒத்துப்போகும் இரண்டு நீலங்கள் அந்த விளக்கில் அண்ணன் தம்பி மாதிரிகூட இருக்காது. மெட்டாமெரிசம் என்பார்கள். உங்கள் டி-ஷர்ட் ஆன்லைனில் மட்டும் விற்கிறது என்றால் வாடிக்கையாளர் அதைப் பிரிக்கப்போவது வீட்டு எல்இடி பல்பின் கீழே. எந்த வெளிச்சத்தில் ஓகே சொல்வது என்பதையும் டிசைனரோடு பேசிவைத்துக்கொள்ளுங்கள். அவர் பெங்களூரில் ஃபோனில் பார்த்து 'அப்ரூவ்டு' என்று அனுப்புவதை மட்டும் ஏற்காதீர்கள்.

கட்டுப்பாடு போட்டால் கற்பனை செத்துவிடும் என்று டிசைனர்கள் சிலர் அலுத்துக்கொள்வார்கள். கார்ல் லாகர்ஃபெல்டை நினைத்துக்கொள்ளுங்கள். உலகமே அவரை ஷனேலின் ஆள் என்றுதான் பார்த்தது. மனிதர் ஃபென்டிக்கும் வெளியாளாகவே இருந்து டிசைன் செய்துகொண்டிருந்தார், 1965-இலிருந்து 2019-இல் சாகும் வரை. ரோமில் ஃபென்டி குடும்பத்தின் ஐந்து சகோதரிகளும் அவரிடம் கொடுத்த கச்சாப்பொருள் ஒன்றுதான்: ஃபர். பணக்காரச் சீமாட்டிகளின் தோளை அழுத்திக்கொண்டிருந்த கனத்த ஃபர் கோட்டை அவர் லேசாக்கினார், வெட்டினார், சாயம் போட்டார். இன்று கைப்பை கைப்பையாகப் பார்க்கும் அந்த இரட்டை எஃப் 'ஃபன் ஃபர்' என்பதன் சுருக்கம். என்ன துணி என்று முடிவான பிறகு அவருக்கு அரை நூற்றாண்டுக்கு வேலை இருந்தது.

அளவுக்கு வருகிறேன், இடம் குறைகிறது. நீளம் 28 இன்ச் என்று எழுதினால் போதாது, எங்கிருந்து? தோளின் உச்சியில் கழுத்தை ஒட்டிய புள்ளியிலிருந்தா, பின்கழுத்து நடுவிலிருந்தா? மார்பு என்றால் அக்குளுக்கு ஒரு இன்ச் கீழே அளப்பது வழக்கம், அதையும் எழுதவேண்டும். டிசைனரிடம் வெறும் ஸ்கெட்ச் வாங்குகிறீர்களா, டெக் பேக் வாங்குகிறீர்களா என்பதை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். அளக்கும் புள்ளிகள், எல்லா சைஸுக்கும் அளவு, எவ்வளவு கூடினால் குறைந்தால் பரவாயில்லை என்பது, நூல், பட்டன், லேபிள் வரை அடங்கியதுதான் டெக் பேக். பேட்டர்ன் மாஸ்டர் கையில் ஸ்கெட்சை மட்டும் கொடுத்தால் மிச்சத்தை அவரே முடிவு செய்துகொள்வார். பிறகு டிசைனர் அவரைத் திட்டுவார், அவர் டிசைனரைத் திட்டுவார், நடுவில் சாம்பிளுக்கு நீங்கள் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கும் பிராண்டு என்றால் மூட் போர்டைவிட உயர்ந்த ஒன்று உங்கள் குடோனில் கிடக்கிறது: திரும்பி வந்த பீஸ்கள். 'அக்குளில் பிடிக்கிறது', 'ஒரு துவைப்பில் ஏறிவிட்டது', 'படத்தில் பார்த்த நிறம் இல்லை' என்று வாடிக்கையாளர்கள் எழுதியனுப்பிய காரணங்களை அப்படியே தொகுத்து டிசைனருக்குக் கொடுங்கள். கூடவே நன்றாக ஓடிய ஒரு பீஸையும் அனுப்பி, இதன் ஃபிட்டைத் தொடாதீர்கள் என்று சொல்லுங்கள். ஏனோ வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் இதைச் செய்வதில்லை.

பணமும் ஒப்பந்தமும் அடுத்த வாரம், நிச்சயமாக. அதற்குள் யாரிடமாவது கையெழுத்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று மட்டும். டிசைனர் வரைந்த பிரின்ட்டின் பதிப்புரிமையை உங்கள் பெயருக்கு எழுதி வாங்கும்போது எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடுங்கள். காலத்தை எழுதாவிட்டால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்ளும். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். துபாய்க்கு அனுப்பும் யோசனையில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடுவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

(தொடரும்)