புகைச் சான்றிதழ் பிரேக்கைப் பரிசோதிப்பதில்லை

கொழும்பிலிருந்து கடுகண்ணாவைக் கணவாயூடாக ஏறிவரும் ஏ-1 வீதியையும், கம்பளை, இறம்பொடை ஊடாக நுவரெலியா நோக்கிச் செல்லும் ஏ-5 வீதியையும் இணைக்கும் இடம் பேராதனையாகும். இங்கு சிறிது நேரம் நின்று பார்ப்பவருக்கு, பதினைந்து இருபது வருடங்கள் பழைமை வாய்ந்த பிராடோ, மொன்டெரோ, விட்டாரா போன்ற ஜீப் வண்டிகள் முழுக் குடும்பங்களையும் சுமந்து செல்லும் காட்சி புதிதாயிராது. 2020 மார்ச் மாதம் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆயினும் வரிகளின் சுமையால் புதிய வாகனம் சாதாரண குடும்பத்துக்கு எட்டாக்கனியாகவே உள்ளது. ஆகவே மலைநாட்டு மக்கள் பழைய ஜீப்பை நாடுவதில் வியப்பேதுமில்லை.

ஆனால், அவ்வாறு வாங்கப்படும் வண்டி வீதியில் ஓடத் தகுதியானதா என்பதை யார் பரிசோதிக்கின்றனர்? பஸ், லொறி போன்ற வாகனங்களுக்குத் தகுதிச் சான்றிதழ் பெறவேண்டும் என்ற விதி உண்டு. தனியார் பாவனைக்கான கார், ஜீப் ஆகியவற்றின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்கோ காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழுமே கோரப்படுகின்றன. 2008 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட புகைப் பரிசோதனை, காற்றின் தூய்மையைக் காக்கும் நல்ல திட்டமாகும். எனினும் அது பிரேக்கையோ, ஸ்டியரிங்கையோ, டயரையோ பரிசோதிப்பதில்லை. இதனை அறியாத பலர், "சேர்ட்டிபிக்கேட் இருக்கிறது, வண்டி சுத்தம்" என்ற வார்த்தையை நம்பி வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிடுகின்றனர்.

பிற நாடுகளின் நிலை வேறு. ஜப்பானில் புதிய கார் மூன்று வருடங்களிலும், அதன் பின்னர் இரு வருடங்களுக்கு ஒரு முறையும் முழுமையான பரிசோதனைக்கு உட்பட வேண்டும். பிரித்தானியாவில் 1960 முதல் இத்தகைய பரிசோதனை நடைமுறையிலுள்ளது. மூன்று வருடங்களைக் கடந்த கார்களில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் அதற்கு உட்படுகின்றன. பதிவிலக்கத்தைக் கொண்டு, எந்த வாகனம் எந்த ஆண்டில் எக்குறையால் தவறியது, அப்போது எத்தனை மைல்கள் ஓடியிருந்தது என்பதை எவரும் இணையத்தில் பார்க்கலாம். அங்கு முதற் பரிசோதனையில் பத்தில் ஏறக்குறைய மூன்று வாகனங்கள் தவறுகின்றன. விளக்குகள், அதிர்வு தாங்கும் அமைப்பு, பிரேக், டயர் ஆகியவையே பிரதான காரணங்களாகும். ஒழுங்கான பரிசோதனையுள்ள நாட்டிலேயே நிலை இதுவாயின், பரிசோதனையே இல்லாத நம் வீதிகளின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

மலைநாட்டில் முதலிற் கவனிக்க வேண்டியது பிரேக் ஆகும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கிருந்து பேராதனைக்கு வரும் சுமார் 70 கிலோமீற்றர் பாதையில் வாகனம் 1,300 மீற்றருக்கும் அதிகமாக இறங்குகின்றது. இரண்டு தொன் எடையுள்ள ஜீப்பை இவ்விறக்கத்தில் பிரேக்கினால் மட்டும் தடுத்துவந்தால் அதன் தட்டுகள் கடுமையாகச் சூடேறும். பிரேக் ஒயிலோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியசுக்கு மேலேயே கொதிக்கும் சாதாரண வகை ஒயில், ஈரம் ஏறிய பின் 140 பாகையளவிலேயே கொதிக்கக்கூடும். அவ்வாறு கொதித்தால் குழாயினுள் ஆவி உருவாகி, மிதித்த பிரேக் பலனின்றி அடிவரை சென்றுவிடும். இரு வருடங்களுக்கொரு முறை ஒயிலை மாற்றுவதும், இறக்கத்தில் குறைந்த கியரில் வருவதும் இதற்கான எளிய பரிகாரங்களாகும். இதே ஏ-5 வீதியில், கொத்மலை கெரண்டி எல்ல பகுதியில் 2025 மே 11 ஆம் திகதி பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவ்வீதி எத்தவறையும் மன்னிக்காது என்பதற்கு அத்துயரமே சான்றாகும்.

அடுத்தது ஸ்டியரிங்கும் முன்சில்லுகளைத் தாங்கும் பகுதிகளும். தோட்டப் பாதைகளில் ஓடிய ஜீப்பில் போல் ஜொயின்ட், ரப்பர் புஷ், அதிர்வு தாங்கி ஆகியன தேய்ந்திருப்பது சாதாரணமாகும். உயரமான வண்டி வளைவில் அதிகம் சாயும் இயல்புடையது. இவை தேய்ந்திருப்பின் அபாயம் இரட்டிப்பாகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் உள்ளன. முதலிரண்டும் உற்பத்தியான வாரத்தையும், பின்னிரண்டும் ஆண்டையும் குறிக்கும். பூ நன்றாக இருந்தாலும் பத்து வருடங்கள் கடந்த டயரின் ரப்பர் இறுகி வெடிக்கக்கூடும்.

வண்டிக்கு அடியிலும் குனிந்து பார்த்தல் வேண்டும். பழைய ஜீப்புகளின் செசி துருப்பிடித்திருப்பதை மேற்பூச்சு மறைத்துவிடும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது மகாவலி பெருகி, பேராதனையையும் கம்பளையையும் அண்டிய பகுதிகளை மூழ்கடித்தது. வெள்ளத்தில் கிடந்த வாகனம் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரலாம். சீற் பட்டியை முழுமையாக இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியக்கூடும். ஆசனங்களின் அடியிலுள்ள ஆணிகளின் துருவும், பால் போல் வெளுத்த டிபரென்சல் ஒயிலும் நீர் புகுந்தமைக்கான அடையாளங்களாகும்.

எவரும் எண்ணிப் பார்க்காத மற்றொன்று காற்றுப்பை ஆகும். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் தயாரித்த காற்றுப்பைகளின் ஊதுகருவிகளுள், உலகளவில் சுமார் 10 கோடி திரும்பப் பெறப்பட வேண்டியனவாயின. வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த நாடுகளில் அவற்றின் இரசாயனம் காலப்போக்கில் சிதைந்து, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கக்கூடும். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் இங்கு வந்த வண்டியின் உரிமையாளருக்கு அந்த அறிவித்தல் சென்றடைவது அரிது. செசி இலக்கத்தைக் கொண்டு தயாரிப்பாளரின் இணையத்தளத்திலோ முகவரிடமோ விசாரிப்பது உயிர் காக்கும் செயலாகும்.

ஆகவே, பேரம் பேசுவதற்கு முன்னர் விற்பவருக்குத் தொடர்பில்லாத கராஜ் ஒன்றில் வண்டியை உயர்த்திப் பரிசோதிப்பது அவசியம். அதற்கான செலவு வாகன விலையோடு ஒப்பிடுகையில் மிகச் சொற்பமே. சாவியைத் திருப்பும்போது ஏ.பி.எஸ்., காற்றுப்பை விளக்குகள் எரிந்து பின் அணைகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். எரியாமலேயே இருந்தால், பழுதை மறைக்க அவ்விளக்கு கழற்றப்பட்டிருக்கலாம்.

விற்பவருக்கும் கடமையுண்டு. பொருளின் குறையை மறைத்து விற்பதை இஸ்லாம் கண்டிக்கின்றது. பிறர் பொருளையும் தம்முடையது போற் பேணுவதே வணிகம் என்பது வள்ளுவர் வகுத்த நெறியாகும். பிரேக்கின் குறையை மறைப்பவர் பணத்தை மாத்திரமன்றி, ஒரு குடும்பத்தின் உயிரையும் பணயம் வைக்கின்றார் என்பதை மறந்துவிடலாகாது.

எனினும் தனிமனிதரின் விழிப்பும் நேர்மையும் மாத்திரம் போதா. புகைப் பரிசோதனைக்காக நாடெங்கும் நிலையங்களை அமைக்க முடிந்த நமக்கு, அங்கேயே பிரேக், ஸ்டியரிங், டயர் ஆகியவற்றையும் பரிசோதிக்கும் ஏற்பாட்டைப் படிப்படியாகச் செய்வது இயலாததன்று. குறைந்தபட்சம் பத்து வருடங்களைக் கடந்த வாகனங்களிலிருந்தேனும், அதுவும் மலைநாட்டு மாவட்டங்களிலிருந்து, அதனை ஆரம்பிக்கலாம். பெறுபேறுகளை வாங்குவோர் பார்க்கத்தக்கதாகப் பதிவு செய்தால் மோசடிகளும் குறையும். புகையை அளப்பதோடு நின்றுவிடாது, பிரேக்கையும் அளக்க உரியவர்கள் முன்வர வேண்டுமென்பதே எமது வேண்டுகோளாகும்.