சாலாங் வரை போகவேண்டிய வைட்டமின்

மெர்சிங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். புரட்டாசியில் மீனையும் முட்டையையும் விட்டவர், அப்படியே பால், தயிரையும் விட்டு முழு வீகன் ஆகிவிட்டாராம். காலையில் தே ஓ, மதியம் சோறு, பருப்பு, கீரை, பொரித்த தெம்பே. "தெம்பேயில் பி12 இருக்கிறது, மாத்திரையே வேண்டாம் என்று யூடியூபில் சொல்கிறார்களே, நம்பலாமா?"

புரதத்தைப் பருப்பும் சோயாவும் பார்த்துக்கொள்ளும். கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து கூடுதலாக உடம்பில் சேரும். மீன் போன இடத்துக்கு அயோடின் உப்பு. இதெல்லாம் சமையலறையிலேயே முடிகிற சங்கதி. பி12 அப்படியல்ல, எந்தச் செடியும் எந்த மிருகமும் அதைத் தயாரிப்பதில்லை. கோபால்ட் அணுவை நடுவில் வைத்து அந்த மூலக்கூற்றைக் கட்டத் தெரிந்தவை பாக்டீரியாக்களும் ஆர்க்கியாக்களும் மட்டுமே. மாடுகூட தன் இரைப்பைக் கிருமிகளிடம் வாங்கித்தான் நமக்குத் தருகிறது.

தெம்பேயிலும் அதே கதைதான். சோயாவை வெள்ளையாகப் பிணைக்கும் ரைசோபஸ் பூஞ்சைக்கு பி12 செய்யத் தெரியாது. 1977-இல் லியம், ஸ்டைன்கிராஸ், கிராங்க் ஆகியோர் சோதித்தபோது, கூடவே ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பாக்டீரியாதான் அதைச் செய்தது தெரிந்தது. அதன் பெயர் கிளெப்சியெல்லா. ஆகவே தயாரிப்பு சுத்தமாக ஆக, பி12 குறையும். கம்பத்துத் தெம்பேயில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இதே கிளெப்சியெல்லா வேலூரிலும் அகப்பட்டது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலில் கிருமிகள் அதிகம், அவற்றுள் கிளெப்சியெல்லாவும் சூடோமோனாஸும் பி12 செய்யக்கூடும். உடனே 'நம் குடலே வைட்டமின் தொழிற்சாலை' என்று கிளம்பிவிடக் கூடாது. செய்யக்கூடும் என்றால் தேவைக்குச் செய்கிறது என்று பொருளில்லை. இந்த வைட்டமினைத் தின்றுவிடும் கிருமிகளும் குடலில் உண்டு.

வரலாறு இல்லாவிட்டால் பத்திரிகை ஆசிரியர் விடமாட்டார். 1920-களில் கொடிய ரத்தசோகைக்கு ஈரலைத் தின்னக் கொடுத்தார்கள், 1934-இல் அதற்கு நோபல் கிடைத்தது, ஈரலில் இருந்து குணப்படுத்திய அந்தப் பொருள், அதாவது பி12, 1948-இல் சிவப்புப் படிகமாகக் கைக்கு வந்தது. போதும்.

எனக்குப் பிடித்தது அதன் பயணம். பி12-ஐ ஜொகூர் பாருவிலிருந்து தியோமான் தீவுக்குப் புறப்பட்ட பயணி என்று வையுங்கள். இரைப்பை அமிலம் உணவிலிருந்து பிரித்துவிட்டதும் உமிழ்நீர்ப் புரதம் ஒன்று ஏற்றிக்கொள்கிறது. அது மெர்சிங் வரையிலான பேருந்து. அங்கே கணையச் சுரப்பு இறக்கிவிட, 'உள்காரணி' என்ற இரைப்பைப் புரதம் படகாக வருகிறது. ஒரு வேளைக்கு அதில் சுமார் 2 மைக்ரோகிராமுக்குத்தான் இடம். தீவின் கெந்திங், பாயா, தெக்கெக் துறைகள் எங்கும் இறங்க முடியாது; கடைசித் துறையான சாலாங், அதாவது சிறுகுடலின் கடைக்கோடி, அங்கேதான் இறக்கம். பெருங்குடல் கிருமிகளும் பி12 செய்கின்றன, ஆனால் சாலாங்கையும் தாண்டி. படகு அங்கே போவதில்லை. ஸ்பைருலினாவில் இருப்பதோ பெரும்பாலும் போலி பி12, சாயலில் பயணியைப் போலவே இருக்கும், படகுக்காரர் ஏற்றமாட்டார்.

500 மைக்ரோகிராம் மாத்திரை விழுங்கினால்? 2 படகேறும். மிச்சக் கூட்டம் கடலில் குதித்து நீந்தும். நூற்றில் ஒன்று கரையேறும். ஆக ஏறக்குறைய 7. அமெரிக்கக் கணக்கில் பெரியவருக்கு அன்றாடத் தேவை 2.4 தான். வயதானவர் பலருக்கும், நெஞ்செரிச்சல் மாத்திரையை வருடக்கணக்கில் தின்பவருக்கும் அமிலம் குறைந்து, உணவிலிருக்கும் பயணி பேருந்தே ஏறமுடியாமல் போகலாம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் சாலாங் துறையில் தகராறு செய்யும்.

ஆகவே வாசகிக்கு மாத்திரை வேண்டும், அல்லது பி12 சேர்த்ததாகப் பெட்டியிலேயே எழுதியிருக்கும் சோயா பால் தினமும் வேண்டும். 'இரண்டு வருஷமாக வீகன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்பவர்கள் தெம்பேக்கு நன்றி சொல்கிறார்கள், சொல்லவேண்டியது ஈரலுக்கு. பழைய இருப்பை அது ஆண்டுக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இருப்பு தீர்வதும் சட்டென்று தெரியாது. கீரையில் நிறைந்திருக்கும் ஃபோலேட் ரத்தசோகையை வெளிக்காட்டாமல் மறைத்துவிடக்கூடும், நரம்பு மட்டும் பழுதாகிக்கொண்டே போகும். கால்விரல் மரத்துப்போனால், ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று இருந்துவிடாமல், கிளினிக்கில் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.