நஞ்சை இரு கூறாய் வைத்திருக்கும் உயிர்கள்

மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாக உண்ணலாகாதென்பதைக் கமக்காரர் யாவரும் அறிவர். ஆயினும், அக்கிழங்கினுள் நஞ்சு ஆயத்தமாக இருப்பதில்லை. இலினமாரின் என்னும் பொருள் ஓரிடத்திலும், அதனைச் சிதைக்கும் நொதியம் வேறோரிடத்திலும் உள்ளன. கிழங்கை வெட்டும்போதும் மெல்லும்போதும் இவ்விரண்டுங் கலந்து ஐதரசன் சயனைட்டு என்னும் நச்சுவாயு உண்டாகின்றது. இதே உபாயத்தாற் பகைவரைத் தடுக்கும் சிற்றுயிர்களும் உள.

செம்புள்ளி அந்துப்பூச்சி

ஐரோப்பியப் புல்வெளிகளில் வாழும் ஆறு செம்புள்ளி அந்துப்பூச்சியின் உடலிலும் இலினமாரின் உண்டு. இதன் புழு தான் உண்ணும் அவரைக் குடும்பச் செடியிலிருந்து அதனைப் பெறுவதோடு, தானே அதனை ஆக்கவும் வல்லது. பூச்சியின் உடல் நசியும்போது சயனைட்டு வெளிப்படும். கருஞ்சிறகிலுள்ள செம்புள்ளிகள் பறவைகளுக்கு எச்சரிக்கையாகும். தாவரமும் பூச்சியும் இவ்வாற்றலைத் தனித்தனியே பெற்றனவென்பதை 2011 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. இலங்கையிற் தேயிலையை அரிக்கும் தடித்த செந்நிறப் புழுவும் இவ்வந்தின் குடும்பத்தைச் சேர்ந்ததே.

தட்டை மரவட்டை

ஈரமான இலைக்குப்பையிலும் கூட்டெருக் குவியலிலும் காணப்படும் மரவட்டை பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. அதன் உடற்கண்டங்களிற் பெரும்பாலானவற்றில் இவ்விரு சோடிக் கால்கள் உள. தட்டையான முதுகுடைய மரவட்டைகள் சயனைட்டை உண்டாக்கும். அவற்றின் சுரப்பியில் இரண்டு அறைகள் உண்டு. இடருற்றபோது முதலறையிலுள்ள திரவம் அடுத்த அறைக்குட் சென்று நொதியத்துடன் கலக்க, நச்சுவாயுவும் கசப்பு வாதுமையின் மணமும் எழும். அளவு மிகச் சிறிதாகையாற் திறந்த வெளியில் மனிதர் உயிருக்கு இடரில்லை. எனினும் அத்திரவம் கண்ணையுந் தோலையும் உறுத்தும்.

மரவட்டை பெரும்பாலும் மக்கும் இலைகளையே உண்டு, அவை எருவாவதற்கு உதவுகின்றது. நஞ்சுடையதென அஞ்சி அதன்மேற் பூச்சிநாசினி தெளிப்பது வீண்செலவாகும்.

கமக்காரர் செய்ய வேண்டியவை

1. மரவட்டையைக் கையால் நசுக்கலாகாது. மண்வெட்டியால் அள்ளிக் கூட்டெருக் குவியலில் இடுதல் வேண்டும். தொட்ட கையைக் கழுவுமுன் கண்ணைத் தொடலாகாது. சிறுவர்க்கும் இதனைச் சொல்லி வைத்தல் நன்று.

2. மழைக்காலத்தில் இளநாற்றுக்களை அவை கடிக்குமாயின், நாற்றடியிலுள்ள குப்பையை விலக்கி, மேல்மண்ணை உலரவிடுதல் வேண்டும்.

3. மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துச் சிறு துண்டுகளாக்கி, நிறைந்த நீரில் மூடியின்றி அவித்து, அந்நீரை ஊற்றிவிடுதல் வேண்டும். மூடாத பாத்திரத்திலிருந்து நச்சுவாயு ஆவியுடன் வெளியேறிவிடும்.

4. பச்சை மரவள்ளியிலையை ஆடுமாடுகளுக்கு மிகுதியாக இடலாகாது.